பிரிட்டன் பொதுத்தேர்தல்: எந்தப் பகுதி யாருக்கு வாக்களிக்கிறது, ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஜூலை 4 பொதுத்தேர்தல் முடிந்த பிறகு நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் அந்தத் தேர்தலை வைத்தே பதில் சொல்கிறேன். பழைய கதை தேவைப்படும் இடத்தில் பின்னோக்கியும் போகிறேன்.

லேபர் வாங்கியது மூன்றில் ஒரு பங்கு வாக்குதான். பிறகு எப்படி 411 இடம்?

நாட்டில் 650 தொகுதிகள். ஒவ்வொன்றிலும் யார் முதலில் வருகிறாரோ அவர் எம்.பி. பாதி வாக்கு வாங்க வேண்டிய அவசியம் இல்லை, அடுத்தவரை விட ஒரு வாக்கு கூடுதலாக இருந்தால் போதும். இந்தியாவின் மக்களவைத் தேர்தல் முறை இங்கிருந்து போனதுதான் என்பதால் நம்மவர்களுக்கு இது புதிதல்ல.

இந்த முறையில், எத்தனை வாக்கு வாங்கினோம் என்பதைவிட அவை எங்கே விழுந்தன என்பதே பெரிது. 2024-இல் லேபர் (தொழிற்கட்சி என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான்) 33.7% வாக்குக்கு 411 இடம் பிடித்தது. கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 23.7%, 121 இடம். லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 12.2%, 72 இடம். குடியேற்றத்தை எதிர்க்கும் வலதுசாரிக் கட்சியான ரிஃபார்ம் யுகே அவர்களைவிட அதிகமாக 14.3% வாங்கியும் ஐந்தே இடம். கணக்குப் போட்டால் ஒரு லேபர் எம்.பி.க்குச் சுமார் 23,600 வாக்கு. ஒரு ரிஃபார்ம் எம்.பி.க்கு 8 லட்சத்துக்கும் மேல்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஜெரமி கோர்பின் தலைமையில் படுதோல்வி அடைந்த 2019-இல் லேபருக்கு விழுந்தவை ஏறக்குறைய 1 கோடியே 3 லட்சம் வாக்குகள். கெய்ர் ஸ்டார்மர் தலைமையில் மாபெரும் வெற்றி பெற்ற 2024-இல் 97 லட்சம்தான். வாக்கு குறைந்தது, இடம் இரண்டு மடங்கானது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. எந்தக் கட்சி லாபம் அடைந்தாலும் சரி, இதையே சொல்வேன்.

தேர்தல் வரைபடத்தைப் பார்த்தால் நாடு முழுக்க கன்சர்வேட்டிவ் கட்சியின் நிறமான நீலமாகத் தெரியும் ஆண்டுகளிலும் லேபர் பலமாக இருந்திருக்கிறதே?

வரைபடம் நிலத்தைக் காட்டுகிறது, மக்களை அல்ல. ஒவ்வொரு தொகுதியிலும் வாக்காளர் எண்ணிக்கை ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் லண்டனின் 75 தொகுதிகள் ஒரு விரல்நுனியில் அடங்கிவிடுகின்றன. ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஒரே தொகுதி கைப்பிடி அளவு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் தொலைக்காட்சிகள் ஒரு தொகுதிக்கு ஓர் அறுகோணம் என்று வரைந்து காட்டுகின்றன. பார்ப்பதற்குத் தேன்கூடு மாதிரி இருந்தாலும் அதுதான் உண்மைக்கு நெருக்கமான படம்.

வடக்கு என்றால் லேபர், தெற்கு என்றால் டோரி (கன்சர்வேட்டிவ் கட்சியின் மற்றொரு பெயர்). இது எப்படி வந்தது?

பிழைப்பு வழியாக வந்தது. டர்ஹமிலும் யார்க்ஷயரிலும் நிலக்கரி, லங்காஷயரில் பருத்தி ஆலை, டைன் நதிக்கரையில் கப்பல் கட்டுமானம், ஷெஃபீல்டில் எஃகு. ஒரே சுரங்கத்தில் அப்பாவும் மகனும் இறங்கிய ஊர்களில் தொழிற்சங்கம், கூட்டுறவுக் கடை, தொழிலாளர் கிளப் என்று ஒரு முழு வாழ்க்கையே அமைந்தது. லேபர் கட்சி அந்த வாழ்க்கைக்குள்ளிருந்து பிறந்தது. அங்கே லேபருக்கு வாக்களிப்பது தனியாக யோசித்து எடுத்த முடிவாக இருக்கவில்லை, அந்த ஊர்க்காரர் என்பதன் ஒரு பகுதியாக இருந்தது.

தெற்கில் லண்டனைச் சுற்றிய கவுண்டிகள் (மாவட்டங்கள்) வேறு. சொந்த வீடு, அலுவலக வேலை, ரயிலில் நகரத்துக்குப் போய்வரும் குடும்பங்கள், இங்கிலாந்துத் திருச்சபை. சர்ரே, ஹாம்ப்ஷயர் போன்ற இடங்களில் கன்சர்வேட்டிவ் வேட்பாளரை நிறுத்தினாலே வெற்றி என்று பல தலைமுறைகள் இருந்தார்கள்.

1980-களில் சுரங்கங்களும் ஆலைகளும் மூடப்பட்டன. 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்றது. வேலை போனது, ஆனால் அன்றைய கன்சர்வேட்டிவ் பிரதமர் மார்கரெட் தாட்சர் மீதான கோபம் தங்கிவிட்டது. அந்தக் கோபமே இன்னும் ஒரு தலைமுறைக்கு லேபர் வாக்கைக் காப்பாற்றிக் கொடுத்தது. தொழில் இல்லாமல் தொழிற்சங்கம் எவ்வளவு நாள் நிற்கும்? கிளப்புகள் மூடின, இளையவர்கள் மான்செஸ்டர், லீட்ஸ் என்று பெரிய நகரங்களுக்குப் போனார்கள், சிறு ஊர்களில் வயதானவர்கள் மிஞ்சினார்கள். பழைய கட்டு உள்ளுக்குள் இற்றுப்போயிருந்தது வெளியே தெரியவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதா என்று கேட்ட 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பு அதை வெளியே கொண்டுவந்தது.

"சிவப்புச் சுவர்" என்று சொல்கிறார்களே, அது என்ன?

வடக்கு வேல்ஸில் தொடங்கி மெர்சிசைடு, மான்செஸ்டரைச் சுற்றிய ஊர்கள், தெற்கு யார்க்ஷயர், நாட்டிங்ஹம்ஷயர் வரை தொடர்ச்சியாக லேபர் வசம் இருந்த தொகுதிகள். சிவப்பு லேபரின் நிறம். 2019-இல் அந்தப் பெயரை வைத்தவர் ஜேம்ஸ் கனகசூரியம் என்ற கருத்துக்கணிப்பு ஆய்வாளர். வயது, வருமானம், சொந்த வீடு ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் இங்கே கன்சர்வேட்டிவ் கட்சிக்கு இன்னும் அதிக வாக்கு விழ வேண்டும், ஊர்ப் பழக்கம்தான் அதைத் தடுத்துக்கொண்டிருக்கிறது என்பது அவர் வாதம்.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே அது நடந்தது. முன்னாள் சுரங்கத் தொகுதியான பிளைத் வேலி 712 வாக்கு வித்தியாசத்தில் டோரிகளிடம் போனது. 1970 முதல் போல்சோவரின் எம்.பி.யாக இருந்த, தானே சுரங்கத்தில் வேலை பார்த்த டென்னிஸ் ஸ்கின்னர் தோற்றார். முன்னாள் லேபர் பிரதமர் டோனி பிளேர் எம்.பி.யாக இருந்த செட்ஜ்ஃபீல்டும் போனது.

2024-இல் இவற்றில் பெரும்பாலானவை லேபருக்குத் திரும்பின. வடகிழக்கின் 27 தொகுதிகளில் 26 லேபர். ஆனால் பழைய பாசம் திரும்பிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. அன்றிரவு முதலில் முடிவு அறிவித்த ஹாட்டன் அண்ட் சண்டர்லாந்து சவுத் தொகுதியில் லேபர் வென்றது, இரண்டாவதாக வந்தது ரிஃபார்ம். அந்த இரண்டாம் இடம்தான் என் கண்ணில் முதலில் பட்டது.

லிவர்பூலில் மட்டும் ஏன் அப்படி ஒரு லேபர் ஆதரவு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஏனென்றால் லிவர்பூல் ஒரு காலத்தில் டோரி நகரம். அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கர்களுக்கு எதிராகப் புராட்டஸ்டண்ட் தொழிலாளர்கள் கன்சர்வேட்டிவ் பக்கம் நின்றார்கள். மதப் பிரிவே வாக்கைப் பிரித்தது. அந்த நகரத்தின் ஒரு தொகுதி 1885 முதல் 1929 வரை டி. பி. ஓ'கானர் என்ற ஐரிஷ் தேசியவாதியைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. இங்கிலாந்து மண்ணில் வேறெங்கும் இது நடந்ததில்லை.

அப்புறம் துறைமுகம் சரிந்தது. 1981-இல் நகரின் டாக்ஸ்டெத் பகுதியில் கலவரம். அந்தச் சமயத்தில் நிதியமைச்சர் ஜெஃப்ரி ஹவ், லிவர்பூலைத் தூக்கி நிறுத்தப் பணம் செலவழிப்பதைவிட அதன் சரிவை நிர்வகித்துக்கொண்டால் போதாதா என்ற பொருளில் எழுதியது 2011-இல் வெளியான அரசு ஆவணங்களில் தெரியவந்தது. 1989 ஏப்ரலில் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். தவறு ரசிகர்களுடையதுதான் என்று பொய்ச் செய்தி போட்ட 'தி சன்' நாளிதழை இன்றும் அந்த ஊரில் பலர் தொடுவதில்லை. அரசும் காவல்துறையும் பத்திரிகையும் சேர்ந்து தங்களைக் கைவிட்டதாக ஒரு நகரமே உணர்ந்தது. அந்த உணர்வுக்கு முன்னால் மதப் பிரிவு ஒன்றுமில்லாமல் போனது.

லிவர்பூல் நகரத்தில் கன்சர்வேட்டிவ் கட்சி கடைசியாக எம்.பி. இடம் வென்றது 1979-இல். 2019-இல், நாடே டோரி பக்கம் சாய்ந்தபோதும், லிவர்பூல் வால்டன் தொகுதியில் லேபர் 84.7% வாங்கியது. ஒரு பகுதியின் வாக்கைப் புரிந்துகொள்ள வருமானப் புள்ளிவிவரம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்காட்லாந்து ஏன் ஒரு தேர்தலில் ஒரு பக்கம், அடுத்ததில் மறுபக்கம் என்று சாய்கிறது?

1955-இல் ஸ்காட்லாந்தில் பாதி வாக்கை வாங்கியது யார் தெரியுமா? கன்சர்வேட்டிவ் கட்சியின் கூட்டாளிகளான யூனியனிஸ்டுகள். பிறகு லேபர் வளர்ந்தது; 2010-இல்கூட 59-இல் 41 இடம் லேபருக்கு. ஐந்தே ஆண்டில், 2015-இல், தனி நாடு கேட்கும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 56 இடங்களை அள்ளியது, லேபருக்கு ஒன்று.

நடுவில் நடந்தது 2014 விடுதலை வாக்கெடுப்பு. பிரிய வேண்டும் என்றவர்கள் 45%, வேண்டாம் என்றவர்கள் 55%. தோற்ற 45% பெரும்பாலும் ஒரே கட்சியின் பின்னால் திரண்டார்கள். வென்ற 55% மூன்று கட்சிகளாகப் பிரிந்து கிடந்தார்கள். முதலில் வருபவருக்கே இடம் என்ற முறையில் இதன் விளைவு என்னவாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2024-இல் அதே கத்தி திரும்பிக் குத்தியது. தேசியக் கட்சித் தலைவர் நிக்கோலா ஸ்டர்ஜன் பதவி விலகல், கட்சி நிதி பற்றிய காவல்துறை விசாரணை, அடுத்து வந்த ஹம்சா யூசஃபும் ஓராண்டில் விலகியது, லண்டனில் டோரி ஆட்சியை மாற்ற வேண்டும் என்ற வேகம் எல்லாம் சேர்ந்தன. தேசியக் கட்சி 30% வாக்கு வாங்கியும் 57-இல் ஒன்பது இடம்தான் கிடைத்தது. 35% வாங்கிய லேபருக்கு 37. நாடு முழுவதும் லேபரின் வாக்கு விகிதம் சற்றே உயர்ந்ததற்கும் ஏறக்குறைய முழுக் காரணம் ஸ்காட்லாந்துதான். இங்கிலாந்தில் பெரிய மாற்றமே இல்லை.

உள்ளேயும் வேறுபாடுகள் உண்டு. கிளாஸ்கோவைச் சுற்றிய பழைய தொழில் பகுதி லேபரும் தேசியக் கட்சியும் மோதும் களம். தெற்கு எல்லைப் புறத்திலும் வடகிழக்கு விவசாயப் பகுதியிலும் டோரிகள் ஐந்து இடம் பிடித்தார்கள். ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகள் 1950 முதல் இன்றுவரை லிபரல்களையே அனுப்புகின்றன.

வேல்ஸ்?

1922 முதல் ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் வேல்ஸில் அதிக இடம் லேபருக்குத்தான். தெற்கின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகள் அதன் தாய்வீடு. மேற்கிலும் வடமேற்கிலும் வெல்ஷ் மொழி வீட்டில் புழங்கும் பகுதிகள் வேல்ஸ் தேசியவாதக் கட்சியான பிளைட் கம்ரியுடையவை. 2024-இல் அது வென்ற நான்கு இடங்களும் அங்கேதான். மொழி உயிரோடிருக்கும் ஊர்களின் எல்லையும் ஒரு கட்சியின் செல்வாக்கு எல்லையும் இவ்வளவு நெருக்கமாக ஒட்டிப் போவது தமிழர்களாகிய நமக்கு எளிதில் புரியும். கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 2024-இல் வேல்ஸில் ஓர் இடம்கூட இல்லை. லேபருக்கு 32-இல் 27 கிடைத்தாலும் அதன் வாக்கு விகிதம் 2019-ஐவிடக் குறைந்தது.

வட அயர்லாந்தின் கட்சிகள் வேறாக இருக்கின்றனவே?

ஆமாம், அங்கே லேபர் வேட்பாளரையே நிறுத்துவதில்லை. கேள்வியே வேறு: பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா? 2024-இல் 18 இடங்களில் அயர்லாந்தோடு சேர விரும்பும் சின் ஃபெயினுக்கு ஏழு, பிரிட்டனோடு இருக்க விரும்பும் (யூனியனிஸ்ட்) டி.யு.பி.க்கு ஐந்து, மற்றவை சிறு கட்சிகளுக்கும் ஒரு சுயேச்சைக்கும். சின் ஃபெயின் எம்.பி.க்கள் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுப்பதால் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தில் உட்காருவதில்லை. வாக்காளர்களுக்கும் அது தெரியும், தெரிந்தேதான் வாக்களிக்கிறார்கள். யூனியனிஸ்ட் பக்கமும் அசைவு உண்டு. 1970 முதல் டி.யு.பி.யின் பெய்ஸ்லி குடும்பத்தில் அப்பாவும் மகனுமாக வைத்திருந்த நார்த் ஆன்ட்ரிம் 2024-இல் கைமாறியது.

லிபரல் டெமாக்ரட்டுகள் 11 இடத்திலிருந்து 72-க்கு எப்படிப் போனார்கள்?

வாக்கு கூடியதால் அல்ல. 11.5% இருந்தது 12.2% ஆனது, அவ்வளவுதான். எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதை விட்டுவிட்டு, வெல்லக்கூடிய தெற்குத் தொகுதிகளில் மட்டும் கவனத்தைக் குவித்தார்கள். அங்கே லேபர் ஆதரவாளர்களும் டோரியைத் தோற்கடிப்பதற்காக அவர்களுக்கே போட்டார்கள். முன்னாள் டோரி பிரதமர்கள் டேவிட் கேமரன் இருந்த விட்னி, தெரசா மே இருந்த மெய்டன்ஹெட், டோரி அமைச்சர் மைக்கேல் கோவ் இருந்த சர்ரே ஹீத் எல்லாம் அவர்களிடம் வந்தன. படித்த, வசதியான, பிரெக்ஸிட்டை விரும்பாத தெற்கு அது. தென்மேற்கில் வேறு காரணமும் உண்டு. கார்ன்வால், டெவன் பகுதிகளில் மெதடிஸ்ட் தேவாலயங்கள் வழியாக வந்த பழைய லிபரல் மரபு இன்னும் முழுதாக மறையவில்லை.

ரிஃபார்ம் வென்ற ஐந்து இடங்களுக்குள் ஏதாவது பொதுவான தன்மை இருக்கிறதா?

கிளாக்டன், கிரேட் யார்மத், பாஸ்டன் அண்ட் ஸ்கெக்னெஸ், சவுத் பேசில்டன் அண்ட் ஈஸ்ட் தர்ராக், ஆஷ்ஃபீல்ட். முதல் மூன்றும் கிழக்குக் கடலோரம். வெளிநாட்டுச் சுற்றுலா மலிவானதும் களையிழந்த கடற்கரை விடுதி ஊர்கள், ஓய்வு பெற்றவர்கள் அதிகம், நல்ல வேலை குறைவு, பிரெக்ஸிட்டுக்குப் பெரும் ஆதரவு. ஆஷ்ஃபீல்ட் பழைய சுரங்க ஊர். வென்ற இடங்களைவிடக் கவனிக்க வேண்டியது, அந்தக் கட்சி 98 தொகுதிகளில் இரண்டாவதாக வந்தது.

வெல்லாத இடங்களிலும் முடிவை மாற்றியது. முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் சவுத் வெஸ்ட் நார்ஃபோக்கில் 630 வாக்கில் லேபரிடம் தோற்றார். ரிஃபார்ம் அங்கே பத்தாயிரத்துக்குச் சற்றே குறைவாக வாங்கியிருந்தது.

லண்டனிலும் மற்ற நகரங்களிலும் ஆசியர்கள் எல்லோரும் லேபர்தானே?

இல்லை. இந்த எண்ணத்தை நாம் விட வேண்டும். லண்டனின் 75-இல் 59 இடம் லேபருக்கு என்பது உண்மை. ஆனால் இந்து வாக்காளர்கள் அதிகமுள்ள ஹாரோ ஈஸ்டில், டோரிகள் நாடெங்கும் சரிந்த அதே நாளில், டோரி வேட்பாளர் பாதிக்கு மேல் வாக்கு வாங்கி வென்றார். அன்று கன்சர்வேட்டிவ் கட்சி லேபரிடமிருந்து புதிதாகப் பறித்த ஒரே இடம் லெஸ்டர் ஈஸ்ட். பக்கத்திலேயே லெஸ்டர் சவுத்தில் காஸா விஷயத்தில் லேபர் மீது கோபம் கொண்ட முஸ்லிம் வாக்காளர்கள் ஒரு சுயேச்சையை வெல்லவைத்தார்கள். பிளாக்பர்ன், பர்மிங்ஹம் பெரி பார், டியூஸ்பரி அண்ட் பேட்லி தொகுதிகளிலும் அப்படித்தான். ஒரே நகரத்தின் இரண்டு ஆசியத் தொகுதிகள் எதிரெதிர் திசையில் லேபரைக் கைவிட்டிருக்கின்றன.

தமிழர்களுக்கு அந்தத் தேர்தல் மறக்க முடியாதது. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குக் கிழக்கு லண்டனில் பிறந்த உமா குமரன், ஸ்ட்ராட்ஃபோர்டு அண்ட் போவ் தொகுதியில் லேபர் எம்.பி. ஆனார். 2015-இல் அவர் தோற்ற தொகுதி எது என்றால், அதே ஹாரோ ஈஸ்ட்.

என் தொகுதி ஒரு கட்சியின் கோட்டை. என் வாக்கால் என்ன ஆகும்?

இந்தச் சலிப்பு எனக்குப் புரிகிறது. லிவர்பூலில் டோரிக்குப் போடுபவருக்கும் இதே வருத்தம்தான். ஆனால் கோட்டை என்று சொன்ன எத்தனை இடங்கள் விழுந்தன என்று மேலே பார்த்தோம். படைவீரர் நகரமான ஆல்டர்ஷாட் வரலாற்றிலேயே முதல்முறையாக 2024-இல் லேபரிடம் போனது. நூறாண்டுக்கு மேல் டோரி வசம் இருந்த கேன்டர்பரி 2017-இல் லேபரிடம் சென்றது. அதற்கு மாணவர் வாக்கு ஒரு முக்கியக் காரணம். வித்தியாசங்களையும் பாருங்கள்: 2024-இல் ஹெண்டனில் 15 வாக்கு, பூலில் 18. வாக்குப்பதிவு 60% அளவுக்கு இறங்கிய தேர்தல் அது. ஹெண்டனில் ஒரு தெருக்காரர்கள் வீட்டில் இருந்துவிட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும்.

என்னிடம் இருப்பது இலங்கை அல்லது இந்தியப் பாஸ்போர்ட்தான். எனக்கு வாக்கு உண்டா?

உண்டு. இது பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இலங்கையும் இந்தியாவும் காமன்வெல்த் நாடுகள். 18 வயது நிறைந்து, பிரிட்டனில் சட்டப்படி தங்க அனுமதி உள்ள காமன்வெல்த் குடிமக்கள் பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை. பதிவு தானாக நடக்காது, நீங்கள்தான் செய்ய வேண்டும். தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன் கடைசி நாள். வாக்குச்சாவடியில் படத்துடன் கூடிய அடையாள அட்டை கேட்பார்கள். காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட்டே போதும். எதுவும் இல்லையென்றால் இலவசமாக ஒரு வாக்காளர் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம்.

பிள்ளைகள் வெளியூரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்களா? வீட்டு முகவரி, படிக்கும் ஊர் முகவரி இரண்டிலும் பதிவு செய்துகொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. பொதுத்தேர்தலில் ஓரிடத்தில் மட்டுமே வாக்களிக்கலாம், ஆனால் எந்த இடம் என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். இரண்டு தொகுதிகளிலும் போன முறை வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள்.